என் தோட்டத்தைப் ‘புதர்’ என்று எழுதிய சங்கத்துக்கு

தலைவர் சாருக்கும், செயலாளர் மேடத்துக்கும், பொருளாளர் அண்ணனுக்கும், செயற்குழுவில் இருக்கும் மற்ற எல்லாருக்கும் வணக்கம்.

போன வெள்ளிக்கிழமை என் வீட்டு கேட்டில் செருகிவிட்டுப் போன கடிதம் கிடைத்தது. என் மனையில் வளர்ந்திருக்கும் புதரால் பாம்பு, கொசு, பூச்சித் தொல்லை வருவதாகப் புகார் வந்திருக்கிறதாம், 15 நாளுக்குள் சுத்தம் செய்ய வேண்டுமாம், செய்யாவிட்டால் சங்கமே ஆள் வைத்துச் சுத்தம் செய்து செலவை என்னிடம் வசூலிக்குமாம். நேரில் வந்து சொல்லியிருந்தால் நானும் நேரில் பதில் சொல்லியிருப்பேன், ஒரு காபியோடு முடிந்திருக்கும். ஆனால் அந்தக் கடிதத்தைப் படம் பிடித்து நம் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டு, கீழே நாற்பது பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிய பிறகு, பதிலையும் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுவதுதான் முறை என்று தோன்றியது.

முதலில் அந்தப் புதரில் என்னதான் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு கிரவுண்டு மனை. வீடு போக, பின்னாலும் பக்கவாட்டிலும் சேர்த்தால் எண்ணூறு சதுர அடி தேறும். அதில் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, ஒரு எலுமிச்சை, பவழமல்லி, செம்பருத்தி, இட்லிப்பூ, நிறைய துளசி, மதில் ஓரம் ஒரு எருக்கு, அதன் பக்கத்தில் கம்பியில் ஏறிக்கிடக்கும் ஆடுதீண்டாப்பாளைக் கொடி. கீழே காய்ந்த இலைகளை வாராமல் விட்டிருக்கிறேன். பின் மூலையில் கொஞ்சம் பழைய கட்டைகள். மூன்றடி அகலத்தில் ஒரு சிமென்ட் தொட்டி, அதில் அல்லியும் மீனும். அவ்வளவுதான். பார்க்க லட்சணமாக இல்லை என்றால் ஒத்துக்கொள்கிறேன். அழகு காட்டுவதற்காக நான் இதை வளர்க்கவில்லை. இதில் குடியிருப்பவர்களுக்கு லட்சணம் தேவையில்லை, இன்னும் சொல்லப்போனால் குப்பை மாதிரித் தெரிவதுதான் அவர்களுக்குப் பாதுகாப்பு.

தேன்சிட்டின் கூட்டை எத்தனை பேர் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்கள்? கட்டைவிரல் அளவுதான் பறவை. கூடு ஒரு தொங்கும் பை. காய்ந்த நார், மரப்பட்டைத் துணுக்கு, சருகு, புழுவின் எச்சம், இதையெல்லாம் சிலந்தி வலையால் ஒட்டி, வாசலுக்கு மேலே மழை படாமல் சின்னதாக ஒரு சார்ப்பும் இறக்கிக் கட்டும். எட்ட நின்று பார்த்தால் ஒட்டடையில் குப்பை மாட்டிக்கொண்டு ஆடுகிறது என்றுதான் நினைப்போம், காக்காயும் அப்படி நினைத்து விட்டுவிட வேண்டும் என்பதற்காகத்தான் அந்த வேஷம். போன மாசி மாதம் நம் சமுதாயக் கூடத்து வராண்டா ஒயரில் அப்படி ஒன்று தொங்கியது. மூன்று நாள் நான் தினமும் போய்ப் பார்த்தேன், தாய் வந்து வந்து போனது. நான்காம் நாள் ஏதோ விழாவுக்காகக் கூடத்தைச் சுத்தம் செய்யச் சொன்னீர்கள். ஒட்டடைக் கொம்பால் ஒரு தட்டு, முடிந்தது. தட்டிய அம்மாமேல் எனக்குக் கோபமே இல்லை, அவரிடம் குப்பையை எடு என்றார்கள், எடுத்தார். அன்றைக்கு நான் வாயைத் திறக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். இந்த மடல் இவ்வளவு நீளமாவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கறிவேப்பிலை விஷயமும் இதே கதைதான். கடிதத்தில் ‘பூச்சி’ என்று எழுதியிருப்பது, பக்கத்து வீட்டு மாமி என் மரத்தில் பார்த்த புழுக்களை என்று நினைக்கிறேன். சின்னப் புழுவாக இருக்கும்போது அது அச்சு அசல் பறவை எச்சம், கறுப்பும் வெள்ளையுமாக இலைமேல் அசையாமல் கிடக்கும். வளர்ந்ததும் இலைப் பச்சைக்கு மாறிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு மாதிரி ஒன்றை நீட்டி நாற்றம் அடிக்கும். அதற்குத் தெரிந்த சண்டை அவ்வளவுதான், கடிக்காது, அரிக்காது. மூன்று நான்கு வாரத்தில் முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாம் தாண்டிப் பட்டாம்பூச்சியாகிவிடும். கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி என்று தமிழில் பெயரே அப்படித்தான். வண்ணத்துப்பூச்சி வேண்டும், புழு வேண்டாம் என்றால், குழந்தை வேண்டாம் தாத்தா மட்டும் போதும் என்பது போல. பூ வைத்தால் பட்டாம்பூச்சி வரும் என்று நினைக்கிறோம். வரும், தேன் குடிக்கும், போய்விடும். தங்குவது முட்டை வைக்கத் தோதான செடி இருந்தால்தான், ஒவ்வொன்றும் தனக்கென்று வைத்திருக்கும் சில செடிகளை விட்டால் வேறெதிலும் முட்டை வைக்காது.

எருக்கும் அப்படித்தான் வந்தது. பொருளாளர் அண்ணன் வாசலில் நின்று, எருக்கு முளைத்த வீடு உருப்படுமா என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார், இருந்தாலும் மனதில் தைத்தது. விநாயகர் சதுர்த்தி அன்று காலையில் அதே எருக்கம்பூ மாலைக்கு நம் தெருமுனையில் பேரம் பேசுகிறோம், மறுநாள் அது ஆகாத செடியாகிவிடுகிறது! வெந்தய வரியன் என்ற ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சி முட்டை வைப்பது அந்தச் செடியில். அதன் புழு எருக்கம்பாலின் விஷத்தை உடம்பில் சேர்த்துக்கொள்கிறது, அதனால் பறவைகள் அதைத் தின்றால் குமட்டும், ஒருமுறை பட்டது மறுமுறை கிட்டே வராது. எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்பது உண்மை. அதனால்தான் குழந்தைகள் கைபடாமல் மதிலின் உள்பக்கம், கம்பிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

சரி, பாம்புக்கு வருவோம். பாம்பென்றால் படையும் நடுங்கும், நானும் நடுங்குகிறவள்தான். ஆவணியில் என் மதில்மேல் எல்லாரும் பார்த்தது சாரை. ஆறடி இருந்தது, பயமாகத்தான் இருந்தது. ஆனால் சாரைக்கு விஷம் கிடையாது, அது இங்கே வருவது எலிக்கும் தவளைக்கும். சாரையும் நாகமும் பிணையும், அதனால் சாரை வந்தால் பின்னாலேயே நல்ல பாம்பு வரும் என்று அன்றைக்குக் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். பிணைந்து கிடப்பவை பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள், அது சண்டை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சாரையை அடித்துக் கொல்வது குற்றம் என்பதையும் அன்று கம்பை எடுத்துக்கொண்டு வந்த தம்பிக்குச் சொல்லி வையுங்கள்.

விஷப் பாம்பு இந்தப் பகுதியில் இல்லை என்று நான் சொல்லவில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கும் தமிழ்நாட்டில் உண்டு, நாம் இருப்பதோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குக் கூப்பிடு தூரத்தில். 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் அந்த இடம் சேர்ந்தபோது நம் குழுவில் எல்லாரும் பெருமையாகப் பகிர்ந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அந்தச் சதுப்பின் ஓரத்தைத் தூர்த்துத்தான் நம் லேஅவுட்டே வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் தரைத்தளத்து வீடுகளுக்குள் நீர்க்கோலி நுழைந்தபோது யார் வீட்டுத் தோட்டமும் காரணமில்லை, தண்ணீர் தன் பழைய இடத்துக்கு வந்தது, அதுவும் கூட வந்தது.

ஆனால் பாம்பை இங்கே தங்க வைப்பது எது? எலி. எலியைத் தங்க வைப்பது எது? டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். சமுதாயக் கூடத்தில் விசேஷம் நடந்த மறுநாள் எச்சில் இலையும் பிரியாணி மிச்சமும் அங்கேதான் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, நகராட்சி வண்டி வரும்வரை இரண்டு நாள். ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தால் பெருச்சாளிகள் நம்மைப் பார்த்து ஓடக்கூட மாட்டேன் என்கின்றன. அதற்கு யாருக்கும் கடிதம் போகவில்லை. என் பக்கத்தில் நான் செய்கிறதைச் சொல்கிறேன்: கட்டைக் குவியல் வாசலை விட்டு எட்டத்தில் பின் மூலையில் மட்டும், நடைபாதையின் இரண்டு பக்கமும் இரண்டடிக்கு ஒன்றும் வளர விடுவதில்லை, பின்கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை அடித்தாயிற்று, இருட்டினால் டார்ச் இல்லாமல் இறங்குவதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இலிருந்து இயங்குகிறது, விஷமுறிவு மருந்துக்கான பாம்பு விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்கள் அவர்கள். அந்த அனுபவம் உள்ளவர் யாரையாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்து வந்து எது எந்தப் பாம்பு என்று நம் பிள்ளைகளுக்குக் காட்டச் சொன்னால், பத்துக் கடிதம் போடுவதைவிட நல்லது. கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், நேராக அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதாவது எல்லாருக்கும் தெரியும்.

அரணையைப் பற்றியும் ஒரு வரி. ‘அரணை கடித்தால் மரணம்’ என்பது எதுகைக்காகச் சொன்னதே தவிர மருத்துவம் இல்லை. அதற்கு விஷமே கிடையாது. சருகுக்கடியில் பூச்சி பிடித்துத் தின்கிற அதைப் பார்த்தால் செருப்பைக் கழற்ற வேண்டாம்.

கொசு. இதில் நான் நல்லவள் வேஷம் போட முடியாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் பறவைக்கென்று ஒரு மண் தட்டில் தண்ணீர் வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டேன், ஒரு வாரம் கழித்து வந்து பார்த்தால் தட்டு முழுக்கப் புழு நெளிகிறது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம், தெளிந்த தண்ணீர்தான் வேண்டும், நம் வெயிலில் ஏழு நாளிலிருந்து பத்து நாளுக்குள் முட்டையிலிருந்து கொசுவாகிவிடும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் அடுத்த மழைக்குப் பொரிக்கும், அதனால் தேய்த்துக் கழுவ வேண்டும். அன்றிலிருந்து தட்டை தினமும் காலையில் தேங்காய் நாரால் தேய்த்துத்தான் தண்ணீர் ஊற்றுகிறேன், ஊருக்குப் போனால் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகிறேன்.

அல்லித் தொட்டியில் கொசு வராது. அங்கே மீன் இருக்கிறது, தட்டானின் குஞ்சுகளும் இருக்கின்றன. தட்டான் தாழப் பறந்தால் மழை வரும் என்று பார்த்துப் பழகிய நமக்கு, அது சின்ன வயதில் தண்ணீருக்குள் கிடந்து கொசுப்புழுவைத் தின்று வளர்கிறது என்பது அவ்வளவாகத் தெரியாது. நீங்கள் மாதம் ஒருமுறை அடிக்க ஏற்பாடு செய்திருக்கும் புகை மருந்து பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், தண்ணீருக்குள் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. கூடவே கண்ணில் படுகிற தட்டானையும் தேனீயையும் சேர்த்து முடித்துவிடும். கொசு ஒரு வாரத்தில் மறுபடி வந்துவிடுகிறது, தட்டான் அவ்வளவு சீக்கிரம் வராது. போன வாரம் நம் தெருவில் சும்மா ஒரு நடை நடந்து எண்ணினேன்: மூடியில்லாத மொட்டைமாடித் தொட்டி நான்கு, கட்டிக்கொண்டிருக்கும் வீட்டில் தண்ணீர் தேங்கிய லிஃப்ட் குழி ஒன்று, மழைநீர் நிறைந்த டயர் மூன்று, செக்யூரிட்டி அறைக்குப் பின்னால் இளநீர்க் கூடு ஒரு குவியல். யார் வீடு என்று எழுத மாட்டேன், அவரவருக்குத் தெரியும்.

மார்ச் 20ஆம் தேதி சிட்டுக்குருவி தினத்துக்குச் சங்கம் வீட்டுக்கொரு கூட்டுப் பெட்டி கொடுத்தது. நல்ல பெட்டி, ஒன்றேகால் அங்குல ஓட்டை, மைனா நுழைய முடியாது, யாரோ விவரம் தெரிந்தவர் வாங்கியிருக்கிறார், நன்றி. ஆனால் அதே வாரம் பூங்கா வேலியிலும் மதில் ஓரத்திலும் பூச்சி மருந்தும் அடித்தீர்கள். பெரிய குருவி தானியம் தின்னும், குஞ்சுக்கு முதல் நாட்களில் தானியம் செரிக்காது, தாய் தேடிப் பிடித்து ஊட்டுவது புழுவையும் பூச்சியையும்தான். வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டு அடுப்படியில் விஷம் வைத்த மாதிரி ஆயிற்று. பெட்டியில் குருவி வரவில்லை என்று செயலாளர் மேடம் வருத்தப்பட்டதாகக் கேள்விப்பட்டேன், அதனால்தான் சொல்கிறேன். (தானியம் இறைப்பதை நான் விட்டுவிட்டேன். அதற்கு வந்து குவிவது மாடப்புறாதான், அது வந்தால் மற்றதெல்லாம் ஒதுங்கிவிடுகிறது.)

என் தரப்பில் ஒரு தப்பு உண்டு, அதை மறைக்கவில்லை. போன வருடம் மழைக்காலத்தில் என் முருங்கையில் கம்பளிப்பூச்சி அடை அடையாக வந்து, மதிலைத் தாண்டிப் பக்கத்து வீட்டுத் துணி காயப்போடும் கொடிவரை போய், அவர்கள் பேரனுக்கு உடம்பெல்லாம் தடித்துவிட்டது. எல்லா உயிரும் வாழட்டும் என்று தத்துவம் பேசுகிற இடம் அது இல்லை. அந்தப் பக்கம் நீட்டியிருந்த கிளைகளை அன்றே வெட்டினேன், அடிமரத்தில் கூட்டமாக உட்காரும்போதே துடைப்பத்தால் தள்ளி சோப்புத் தண்ணீரில் போட்டேன், இந்த வருடமும் மழை ஆரம்பித்ததிலிருந்து காலையில் முதல் வேலை அந்த மரத்தைச் சுற்றி வருவதுதான். மாமியிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டேன், இங்கே எல்லார் முன்னாலும் இன்னொரு முறை கேட்கிறேன். சருகு அவர்கள் பக்கம் விழுவதற்கும் வாரம் இரண்டு முறை நானே போய் வாரிக்கொண்டு வருகிறேன். உண்மையைச் சொன்னால் அது எனக்கு லாபம். அந்தச் சருகெல்லாம் என் மண்ணுக்குப் போர்வை, தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாக வந்து ஒவ்வொரு இலையாகப் புரட்டிப் போட்டுச் சத்தம் போட்டுக்கொண்டு மேயும்.

இவ்வளவு எழுதிய பிறகு பூங்காவைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. அடுத்த பட்ஜெட்டில் அங்கே நடைபாதை போக மிச்ச இடத்துக்கும் பேவர் பிளாக் போட்டு, நடுவில் கொரியன் புல், சுற்றிலும் கோனோகார்பஸ் மர வரிசை என்று வரைபடம் பார்த்தேன். பச்சையாகத்தான் இருக்கும். ஆனால் கொரியன் புல்லுக்கு எந்தப் பட்டாம்பூச்சி முட்டை வைக்க வரப்போகிறது? கோனோகார்பஸில் எந்தக் குயிலுக்குப் பழம்? பச்சைப் பெயின்ட் அடித்த மதிலுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை, பெயின்டுக்குத் தண்ணீராவது விட வேண்டாம். அந்தக் காசில் கால்வாசி போதும். வேலியோரம் பத்தடி அகலத்துக்கு ஒரு பட்டை விடுங்கள். ஒரு நாவல், ஒரு மகிழம், சரக்கொன்றை இரண்டு, இடையில் ஆவாரை, நந்தியாவட்டை, பவழமல்லி, இட்லிப்பூ, தரையில் தும்பையும் துளசியும். முதல் வருடம் தண்ணீர் விட வேண்டும், நான் விடுகிறேன். கொன்றைக்கு மஞ்சள் பட்டாம்பூச்சி கூட்டமாக வரும், நாவலுக்கு வராதது எது! ராத்திரி முழுக்க எரியும் அந்த இரண்டு ஃபிளட் லைட்டையும் பத்து மணிக்கு மேல் அணைத்துவிட்டால் வௌவாலும் வரும், மின் கட்டணமும் குறையும். அத்தி வேண்டாம், பேவருக்கடியில் வேர் போய் எல்லாவற்றையும் தூக்கிவிடும், அப்புறம் அதற்கும் எனக்குத்தான் கடிதம் வரும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. என் தோட்டத்து மேல் போட்ட 15 நாள் கெடுவை மழை முடியும்வரை, தை பிறக்கும்வரை தள்ளி வையுங்கள். புழுக்களும் கூட்டுப்புழுக்களும் செடிக்குச் செடி இருக்கும் காலம் இது, இப்போது வெட்டினால் ஒரு தலைமுறையே போய்விடும். அதுவரை மருந்தடிப்பதை நிறுத்துங்கள், வெறும் மூன்று மாதம். டிரான்ஸ்ஃபார்மர் மூலைக் குப்பையை அள்ளுங்கள், தொட்டிகளுக்கு மூடி போடச் சொல்லி எல்லா வீட்டுக்கும் கடிதம் போடுங்கள், என் வீட்டுக்கும் சேர்த்துத்தான். தை மாதம் எலியும் கொசுவும் குறைந்திருக்கிறதா என்று உட்கார்ந்து பார்ப்போம், குறையவில்லை என்றால் என் தோட்டத்தில் எதை எடுக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள், நான் கேட்டுக்கொள்கிறேன்.

அதற்கு முன்னால் ஒருமுறை வந்து பாருங்கள். கடிதம் எழுதிய யாரும் இதுவரை உள்ளே வந்ததில்லை, எல்லாரும் மதிலுக்கு வெளியே நின்று பார்த்ததுதான். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு வந்தால் தேன்சிட்டு இட்லிப்பூவுக்கு வரும் நேரம், ஏழு மணிக்குக் காபி. ஒன்றே ஒன்று, கேட்டின் வலது பக்கக் கதவை மட்டும் திறந்து வாருங்கள். இடது பக்கத்தில், நீங்கள் கடிதம் செருகிய கம்பிக்கு ஒரு சாண் கீழே, வெந்தய வரியனின் கூட்டுப்புழு ஒன்று தொங்குகிறது. ஞாயிறுக்குள் வெளியே வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன், மழையாக இருந்தால் இரண்டு நாள் தள்ளிப் போகலாம்.

இப்படிக்கு,
மூன்றாவது குறுக்குத் தெரு, எருக்கு முளைத்த வீட்டுக்காரி